மதகு அடைபட்டால் மருந்து மட்டும் போதுமா?





சென்ற இதழில் வெளியான வரவு செலவுக் கணக்கைப் பார்த்துவிட்டு ஒரு சபையின் பொருளாளர் எங்களுக்குக் கடிதம் எழுதியிருந்தார். ஏழை நோயாளிகளின் மருந்துக்கென்று சபையார் மனமுவந்து கொடுத்த காணிக்கையில் ஒரு பகுதி 'பிளட் கல்ச்சர்' பாட்டில்களுக்கும், நோயாளிகளைச் சென்னைக்கும் வேலூருக்கும் அனுப்பும் வண்டிச் செலவுக்கும் போயிருக்கிறதே, அதற்குப் பதிலாக இன்னும் நல்ல ஊசி மருந்துகளை வாங்கியிருக்கலாமே என்பது அவருடைய கேள்வி. அன்போடுதான் கேட்டிருந்தார், நியாயமான கேள்விதான். ஒரு வரியில் பதில் எழுதினால் சமாளிப்பதுபோல் ஆகிவிடும் என்பதால், ஒரே ஒரு நோயை எடுத்துக்கொண்டு இந்த இதழில் சற்று விரிவாகவே எழுதுகிறோம். பித்தநாளத்தில் உண்டாகும் கிருமித் தொற்றுதான் அந்த நோய். நாங்கள் நோயாளிகளின் படுக்கையருகே நின்று ஜெபிக்கிறவர்கள், வைத்தியர்கள் அல்ல. ஆகவே எழுதியதை எங்கள் டாக்டர்களிடம் கொடுத்து, அவர்கள் திருத்திய பிறகே அச்சுக்கு அனுப்பியிருக்கிறோம்.

கரும்பு வெட்டும் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாலை ஆராதனை முடிந்து நாங்கள் வெளியே வந்த நேரத்தில் ஆட்டோவில் ஒருவரைக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஐம்பது வயதிருக்கும், கரும்பு வெட்டும் கூலித் தொழிலாளி. போர்த்தியிருந்த கம்பளிக்குள் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. கண்கள் மஞ்சள் பூத்திருந்ததை வாசல் விளக்கின் வெளிச்சத்திலேயே காண முடிந்தது. கூட வந்த மனைவி எங்கள் கையைப் பிடித்துக்கொண்டார். "காமாலைன்னு தெரிஞ்சவுடனே கீழாநெல்லி அரைச்சுக் குடுத்துட்டோம் ஐயா. பத்து நாளா உப்பில்லாத சோறுதான் போடுறேன். இப்ப ரெண்டு நாளாத்தான் இந்தக் குளிர் காய்ச்சல்" என்றார்.

அந்த அம்மாளைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. நம் கிராமங்களில் மஞ்சள் காமாலை என்றால் ஒரே நோய், அதற்குப் பச்சிலையும் பத்தியமும் ஒரே மருந்து என்றுதான் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். வைரஸ் கிருமியால் கல்லீரலில் அழற்சி வந்து உண்டாகும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். பெயர் பச்சிலைக்குப் போகும். கீழாநெல்லியை நாங்கள் ஏளனம் செய்யவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் எஸ். பி. தியாகராஜன் குழுவினர் ஹெபடைடிஸ் 'பி' கிருமியைச் சுமப்பவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்து, 1988-ல் 'லான்செட்' என்ற உலகப் புகழ் பெற்ற மருத்துவப் பத்திரிகையிலேயே எழுதினார்கள். பிற்பாடு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அது எப்படியிருந்தாலும், பித்தநாளத்தில் கல் ஒன்று அடைத்துக்கொண்டு வரும் காமாலை வேறு ஜாதி. அந்தக் கல்லை எந்தப் பச்சிலையும் நகர்த்தாது.

டாக்டர் அந்த மனிதரிடம் மூன்று காரியங்களைப் பார்த்தார். கண்ணில் மஞ்சள், குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழே வலி. இம்மூன்றும் சேர்ந்து வந்தால் பித்தநாளத்தில் தொற்று என்று சந்தேகிக்க வேண்டும் என 1877-ல் பாரிஸ் நகரத்து டாக்டர் ஷார்கோ எழுதி வைத்தார். ஸ்கேனும் பரிசோதனைக்கூடமும் பெருகிவிட்ட இந்தக் காலத்திலும், கிராமத்து ஆஸ்பத்திரி வாசலில் அந்தப் பழைய அடையாளங்கள் உதவுகின்றன. 1959-ல் ரேனால்ட்ஸ், டார்கன் என்ற இருவர் இன்னும் இரண்டைச் சேர்த்தார்கள்: இரத்த அழுத்தம் விழுவது, புத்தி தடுமாறுவது. ஐந்தும் காணப்பட்டால் உயிருக்கே ஆபத்து. நம் சகோதரர் தன் மனைவியின் பெயரைத் தப்பாகச் சொல்ல ஆரம்பித்திருந்தார்.

கல்லீரல் ஒரு நாளைக்கு ஏறக்குறைய முக்கால் லிட்டர் பித்தநீரைச் சுரக்கிறது. (யோபு தன் பாடுகளைச் சொல்லும் 16-ம் அதிகாரத்தில் 'பிச்சு' என்று நம் பழைய வேதாகமத்தில் வருவது இதுதான்.) நாம் உண்ணும் கொழுப்பு ஜீரணமாக இது வேண்டும். கல்லீரலிலிருந்து குடலுக்கு இதைக் கொண்டுபோகும் குழாய்தான் பித்தநாளம். முக்கியக் குழாயின் அகலம் ஆறு மில்லிமீட்டர் அளவே. ஒரு பென்சிலைவிடச் சற்று ஒல்லியானது. வழியில் பக்கவாட்டில் பித்தப்பை தொங்குகிறது. பித்தப்பையில் உருவாகும் கல் நழுவி இந்தக் குழாய்க்குள் இறங்கி, குடலில் திறக்கும் குறுகலான வாசலில் மாட்டிக்கொள்வதுதான் நாங்கள் இங்கே அதிகம் காணும் காரணம். வட இந்தியாவில் கொழுப்புச் சத்தால் ஆன கற்கள் அதிகம்; நம் தென்னாட்டில் கறுப்பும் பழுப்புமான நிறமிக் கற்கள் அதிகம் என்கிறார்கள். கல்லைத் தவிர, நாளத்தையோ கணையத்தையோ பிடிக்கும் புற்றுநோயும் அடைக்கும். காஷ்மீரில் குடற்புழுவே ஏறிப்போய் அடைத்துவிடுவதை ஸ்ரீநகர் டாக்டர் குரூவும் அவருடன் உழைத்தவர்களும் 500 நோயாளிகளிடம் கண்டு 1990-ல் எழுதினார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளியில் கொடுக்கும் புழு மாத்திரையை வேண்டாம் என்று சொல்லும் பெற்றோர் இதைக் கேட்க வேண்டும்.

அடைத்தபின் என்ன நடக்கிறது? மதுராந்தகம் ஏரியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. மழைக்காலத்தில் தண்ணீர் வந்துகொண்டேயிருக்கிறது. மதகு அடைபட்டு, கலங்கலும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஏறும், தேங்கும், நாறும். கரையின் பலவீனமான இடங்களில் கசியும். பித்தநாளத்தில் சாதாரணமாக இருக்கும் அழுத்தம் பத்து சென்டிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்துக்கு ஏறக்குறையச் சமம். அடைப்பினால் அது இருபது, இருபத்தைந்தைத் தாண்டும்போது, தேங்கிய பித்தநீரில் பெருகிய கிருமிகள் கல்லீரலின் நுண்ணிய இரத்தக் குழாய்களுக்குள் தள்ளப்படுகின்றன. அதுதான் அந்தத் தூக்கிப் போடும் குளிர். குடலில் எப்போதும் குடியிருக்கும் ஈ. கோலை, கிளெப்சியெல்லா போன்ற கிருமிகள்தான் பெரும்பாலும் இவை. தங்கள் இடத்தில் இருக்கும்வரை உபத்திரவம் செய்யாதவை.

பொருளாளர் ஐயா கேட்ட கேள்விக்கு முக்கியமான பதில் இங்கேதான் இருக்கிறது. ஆன்டிபயாடிக் மருந்தை இரத்தத்தில் செலுத்துகிறோம். அது கல்லீரல் வழியாகப் பித்தநீரில் கலந்து நாளத்துக்குள் போய்ச் சேர வேண்டும். ஆனால் நாளம் அடைபட்டு அழுத்தம் ஏறியிருக்கும்போது கல்லீரல் மருந்தை அந்தப் பக்கம் வெளியேற்ற முடியாமல் போகிறது. இரத்தத்தில் இருக்கிற கிருமியை மருந்து அடிக்கும். தேங்கிய குட்டையில் இருக்கிறதைப் போதுமான அளவு எட்டாது. எவ்வளவு விலையுயர்ந்த மருந்தானாலும் இதே கதைதான். எனவே இந்த நோயில் ஆன்டிபயாடிக்கின் வேலை, மதகு திறக்கப்படும்வரை நோயாளியின் உயிரைப் பிடித்து வைத்திருப்பது. லேசான தொற்று சில வேளை மருந்தால் அடங்கி, மூச்சுவிட அவகாசம் கொடுக்கும். மூர்க்கமான தொற்று அந்த அவகாசத்தையும் கொடுக்காது.

இதை நாங்கள் துக்கத்தோடு கற்றுக்கொண்டோம். சில வருஷங்களுக்கு முன் கடற்கரைப் பக்கத்துக் குப்பம் ஒன்றிலிருந்து ஒரு தாயார் வந்தார். மீன் விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர். மருந்துக் கடையில் காய்ச்சலுக்கென்று கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக் மாத்திரைகளை இரண்டு வாரம் விட்டுவிட்டு விழுங்கியிருந்தார். விழுங்கினால் காய்ச்சல் இறங்கும்; நிறுத்தினால் ஏறும். இறங்கிய நாட்களில் கூடையைத் தூக்கிக்கொண்டு வேலைக்கும் போயிருக்கிறார். எங்களிடம் வந்தபோது சிறுநீர் நின்றுவிட்டிருந்தது. அன்றிரவே சென்னைக்கு அனுப்பினோம். மறுநாள் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். முதல் வாரத்திலேயே ஒரு ஸ்கேன் எடுத்திருந்தால் என்று அவருடைய மகன் அடக்க ஆராதனைக்குப் பின் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டான். நாங்கள் சொன்ன ஆறுதல் அவனுக்குப் போதவில்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வந்த சகோதரரிடம் திரும்புவோம். சிஸ்டர் முதலில் ஊசியை எடுக்கவில்லை, இரத்தம் எடுத்தார். இரண்டு கையிலிருந்தும் எடுத்து, கிருமி வளர்வதற்கான சத்து நீர் அடங்கிய பாட்டில்களில் விட்டார். அதுதான் பிளட் கல்ச்சர். ஆன்டிபயாடிக் ஒரு டோஸ் உள்ளே போய்விட்டால் பாட்டிலில் கிருமி வளராமல் போகக்கூடும் என்பதால் இந்த வரிசை. ஐந்து நிமிஷ வேலை. அதற்காக மருந்தைத் தாமதப்படுத்துவதில்லை. இரத்த அழுத்தம் விழுந்த நோயாளிக்கு ஒரு மணி நேரத்துக்குள் முதல் டோஸ் போக வேண்டும் என்று டாக்டர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். சலைன் ஏற்றி, பைப்பராசிலின்-டாசோபாக்டம் என்ற மருந்தைத் தொடங்கினார்கள். லேசான நோயாளியென்றால் செஃப்ட்ரியாக்ஸோன் போதும் என்று தொடங்குவதுண்டு. (செஃப்ட்ரியாக்ஸோனே சிலருக்குப் பித்தப்பையில் வண்டல்போல் படிவதுண்டு என்று டாக்டர் சொன்னபோது எங்களுக்கு ஆச்சரியமாயிருந்தது, மருந்தை நிறுத்தினால் கரைந்துவிடுமாம்.) மெரோபெனம் போன்ற பெரிய மருந்துகள் அலமாரியில் இருக்கின்றன. தேவை ஏற்பட்டாலொழிய எடுப்பதில்லை.

இதற்குள் உறவினர்களுக்குள் பேச்சு. மச்சினர் ஒருவர் எங்களைத் தனியே அழைத்தார். அடுத்த ஊரில் மூன்று நாள் சுகமளிக்கும் கூட்டம் நடக்கிறது, அங்கே தூக்கிக்கொண்டுபோய் ஜெபித்துவிட்டு, பிறகு சென்னைக்குப் போகலாமே, நீங்களும் போதகர்தானே, சொல்லுங்கள் ஐயா என்றார். ஜெபத்தைக் குறித்து எங்களிடமே கேட்டால் நாங்கள் என்ன சொல்ல? எசேக்கியா ராஜாவின் கதையைத்தான் சொன்னோம். அவன் அழுது ஜெபித்தான், கர்த்தர் கேட்டார், அதன்பின்னும் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லி, அதைப் பிளவையின்மேல் போடச் செய்தார். ஜெபத்தையும் மருந்தையும் வேதம் ஒரே அதிகாரத்தில் வைத்திருக்கிறது. "இங்கேயே இப்பவே ஜெபம் பண்ணுவோம், வண்டி ரெடியாகிறவரைக்கும் பண்ணுவோம், வண்டியிலேயும் பண்ணுவோம், வண்டி மட்டும் நிக்கக் கூடாது தம்பி" என்றோம். அவர் சம்மதித்தார். மாமண்டூர் தாண்டி, பாலாற்றுப் பாலம் தாண்டி, பரனூர் சுங்கச்சாவடியைக் கடக்கும்போது அழுத்தம் சற்று ஏறியிருப்பதாகக் கூடப் போன சிஸ்டர் போனில் சொன்னார்.

சென்னையில் செய்தது ஈ.ஆர்.சி.பி. என்ற சிகிச்சை. வாய் வழியாக வளையக்கூடிய குழாய்க் கருவியை இறக்கி, இரைப்பையைத் தாண்டி முன்சிறுகுடலில் பித்தநாளம் திறக்கும் சிறு முலைபோன்ற வாசலைக் கண்டுபிடிக்கிறார்கள். அதற்குள் மெல்லிய கம்பியை நுழைத்து, எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே வேலை செய்கிறார்கள். 1968-ல் அமெரிக்காவின் வாஷிங்டனில் மக்கூன் என்பவர் முதலில் இந்த வாசலுக்குள் குழாயைச் செலுத்திப் படமெடுத்தார். அப்போது பார்க்க மட்டுமே முடிந்தது. 1974-ல் ஜெர்மனியில் டெம்லிங், கிளாசென் என்பவர்களும், ஜப்பானில் கவாய் என்பவரும் அந்த வாசலை மின்கம்பியால் சற்றுக் கீறி அகலப்படுத்தக் கற்றுக்கொண்டார்கள். அதுமுதல் கல்லை வயிற்றைக் கிழிக்காமலே எடுக்க வழி பிறந்தது.

அதற்கு முன்பெல்லாம் வயிற்றைத் திறக்கும் ஆபரேஷன்தான். காய்ச்சலும் காமாலையுமாய் அழுத்தம் விழுந்து கிடக்கிறவரை மயக்கம் கொடுத்து மேஜையில் கிடத்துவது எவ்வளவு பயங்கரம் என்பதற்கு ஹாங்காங்கில் செய்த ஒரு சோதனையே சாட்சி. கற்களால் கடும் தொற்று வந்த 82 பேரைச் சரிபாதியாகப் பிரித்து, 41 பேருக்கு உடனடி ஆபரேஷனும், 41 பேருக்கு எண்டோஸ்கோப் வழியாக வடிகாலும் வைத்தார்கள். ஆபரேஷன் பிரிவில் 13 பேர் மரித்தார்கள்; வடிகால் பிரிவில் 4 பேர். 1992-ல் இது வெளியானது. இரண்டு பிரிவினருக்கும் ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தார்கள். மருந்து ஒன்றாயிருக்க, மதகைத் திறந்த விதத்தால் ஒன்பது பேரின் வித்தியாசம். இந்த எண்களைப் படித்த பிறகுதான் வண்டிச் செலவைக் குறித்து எங்களுக்கே இருந்த மனத்தாங்கல் நீங்கிற்று.

தொற்று இருக்கும்போது இந்தச் சிகிச்சையைச் செய்வதில் ஒரு நுணுக்கம் உண்டு. படம் தெரிவதற்காக நாளத்துக்குள் சாய மருந்தைப் பீய்ச்ச வேண்டும். ஏற்கெனவே அழுத்தம் ஏறிய குழாய்க்குள் இன்னும் பீய்ச்சினால், இருக்கிற சீழை இரத்தத்துக்குள் நாமே தள்ளுவதாகும். ஆகவே முதலில் உள்ளிருக்கும் பித்தநீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, சாயத்தைக் கொஞ்சமாகவே விடுகிறார்கள். உறிஞ்சிய பித்தநீரிலும் ஒரு பகுதியைக் கல்ச்சருக்கு அனுப்புகிறார்கள். நோயாளி மிகவும் மோசமாயிருந்தால் கல்லைத் தேடிக்கொண்டிருப்பதில்லை. ஸ்டென்ட் என்னும் சிறு பிளாஸ்டிக் குழாயைப் பக்கத்தில் சொருகி, பித்தநீர் இறங்க வழி செய்துவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். கல் சில வாரம் காத்திருக்கும். நம் சகோதரருக்கு அப்படித்தான் செய்தார்கள். குழாய் உள்ளே போனதும் சீழ் கலந்த பித்தநீர் குடலுக்குள் இறங்கிய காட்சியைத் திரையில் கண்டதாக டாக்டர் சொன்னார். மறுநாள் காலையில் மனைவியின் பெயரைச் சரியாகச் சொன்னாராம்.

அப்படியானால் ஈ.ஆர்.சி.பி. செய்கிற எல்லோருக்கும் முன்கூட்டியே ஆன்டிபயாடிக் வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். வேண்டியதில்லை என்பதுதான் இன்று பெரும்பாலான வழிகாட்டுதல்களின் தீர்ப்பு. தொற்று இல்லாமல் வந்து, அடைப்பு முழுவதும் நீக்கப்படும் என்று எதிர்பார்க்கிறவர்களுக்கு வழக்கமாகக் கொடுத்துப் பெரிய பலன் இல்லை. பித்தநீர் முழுவதும் வடியாது என்று முன்பே தெரிகிறவர்களுக்கு, அதாவது கல்லீரலின் வாசலிலேயே புற்றுநோய் அடைத்து, பல கிளைகளில் சில கிளைகளை மட்டுமே திறக்க முடிகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டும். நோய் எதிர்ப்பு சக்தி மிகவும் குன்றியவர்களுக்கும் அப்படியே. சாயம் போய்ச் சேர்ந்து, வடிய வழியில்லாத கிளையில்தான் தொற்று பிடிக்கிறது. பாருங்கள், இங்கேயும் கேள்வி வடிகாலைப் பற்றியதுதான். ஆனால் ஏற்கெனவே தொற்றோடு வருகிறவருக்கு ஆன்டிபயாடிக் முன்பே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதில் இரண்டு கருத்து இல்லை.

எத்தனை நாள் என்பதிலும் பழைய பழக்கம் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் இரண்டு வாரம், மூன்று வாரம் என்று ஏற்றுவார்கள். ஜப்பானிய மருத்துவர்கள் முன்னின்று பல தேசத்தாருடன் வகுத்து, 2018-ல் புதுப்பித்த டோக்கியோ வழிகாட்டுதல், அடைப்பு நீங்கியபின் நான்கிலிருந்து ஏழு நாள் போதும் என்கிறது. சிலவகைக் கிருமிகள் இரத்தத்தில் வளர்ந்தால் மட்டும் இரண்டு வாரம். எங்கள் வார்டில் இதை விளக்குவது பெரும்பாடு. ஐந்தாம் நாள் சிஸ்டர் ஊசியை நிறுத்தினால், பணமில்லாதவர்கள் என்பதால் மருந்தைக் குறைத்துவிட்டார்கள் என்று உறவினர்கள் மனம் புண்படுகிறார்கள். பணத்துக்காக அல்ல என்று நாங்கள் கட்டிலருகே உட்கார்ந்து சொல்ல வேண்டியிருக்கிறது. எல்லோரும் நம்புவதில்லை.

ஏன் இந்தச் சிக்கனம்? வேண்டாத மருந்து கிருமிக்குப் பயிற்சி கொடுக்கிறது. டெல்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஒருவரிடம் 2008-ல் சுவீடன் நாட்டில் கண்டுபிடிக்கப்பட்ட என்.டி.எம்.-1 என்ற நொதியைப் பற்றிச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். அதைச் சுமக்கும் கிருமிக்கு முன் மெரோபெனம் போன்ற கடைசிக் கட்ட மருந்தும் செல்லாது. 2010-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி முதல் ஆசிரியராக வெளியிட்ட ஆராய்ச்சியில் சென்னையிலிருந்து மட்டும் இத்தகைய 44 கிருமி மாதிரிகள் காணப்பட்டன. ஈ. கோலையும் கிளெப்சியெல்லாவும்தான் அவற்றில் முக்கியமானவை. பித்தநாளத்தில் ஏறுகிற அதே கிருமிகள்! அந்தச் செய்தி வந்தபோது தேசத்துக்கு அவமானம் என்று பலர் கோபப்பட்டார்கள். சில டாக்டர்கள் கோபப்படாமல் உட்கார்ந்து யோசித்தார்கள். 2012 ஆகஸ்டில் சென்னையில் கூடிப் பல மருத்துவச் சங்கங்கள் ஒரு செயல்திட்டம் வகுத்தன. 'சென்னைப் பிரகடனம்' என்றே அதற்குப் பெயர். 2014 மார்ச் முதல் 'எச்-1' பட்டியல் நடைமுறைக்கு வந்தது. அதிலுள்ள மருந்துகளின் அட்டையில் சிவப்புக் கட்டம் இருக்கும். சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்றதைப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். சட்டம் இருக்கிறது. கடைக்காரர் நமக்குத் தெரிந்தவராயிருக்கிறாரே, அதுதான் சங்கடம். எங்களில் ஒருவரே தொண்டை வலிக்கு இப்படி வாங்கி, இரண்டு நாள் விழுங்கி, மீதியை அடுத்த முறைக்கென்று மேஜை டிராயரில் வைத்திருந்ததை டாக்டர் கண்டுபிடித்தார். அன்று கேட்ட பிரசங்கம் எங்களுக்கு மறக்காது.

கருவியின் சுத்தமும் இதோடு சேர்ந்ததே. ஈ.ஆர்.சி.பி. கருவியின் நுனியில், கம்பியைத் தூக்கிக் கொடுக்கும் சிறு நெம்புகோல் ஒன்று உண்டு. அதன் இடுக்கில் அழுக்கு தங்கினால் அடுத்த நோயாளிக்குக் கிருமி போகும். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ், சியாட்டில் நகரங்களில் இப்படிப் பரவியது 2015-ல் வெளிச்சத்துக்கு வந்தது. அதன்பின் சுத்திகரிப்பு முறைகளைக் கடுமையாக்கினார்கள். நுனியை மட்டும் கழற்றி எறியும்படியான கருவிகளும் வந்தன. எங்களிடம் இந்தக் கருவி இல்லை. வாங்க வேண்டும் என்று அன்பர்கள் சிலர் சொல்கிறார்கள். கருவியை வாங்கிவிடலாம். நாள்தோறும் செய்து கைதேர்ந்த டாக்டரும், அதை மணிக்கணக்காய்க் கழுவப் பயின்றவர்களும், சிகிச்சைக்குப்பின் கணைய அழற்சி வந்தால் கவனிக்கும் வசதியும் இல்லாமல் கருவியை மட்டும் வாங்கி வைப்பது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. இங்கே எங்கள் பங்கு, நோயைச் சீக்கிரம் கண்டுகொள்வது, இரத்தம் எடுப்பது, முதல் மருந்தைக் கொடுப்பது, வண்டியில் ஏற்றுவது.

அந்த இரத்தப் பாட்டில் என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே. செங்கல்பட்டு லேபில் வளர வைத்து, மூன்றாம் நாள் அறிக்கை வந்தது. ஈ. கோலை. செஃப்ட்ரியாக்ஸோனுக்கு அடங்காது; சிப்ரோவுக்கும் அடங்காது; நாங்கள் தொடங்கிய மருந்துக்கு அடங்கும். சென்னை டாக்டர்கள் அன்று மாலை மெரோபெனத்துக்கு மாற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்களாம், காய்ச்சல் இலேசாக இருந்தபடியால். அறிக்கையைப் போனில் வாசித்ததும் மாற்றவில்லை. ஏழாம் நாளில் ஊசி நின்றது. பொருளாளர் ஐயா, உங்கள் சபையின் காணிக்கையில் வாங்கிய பாட்டில்களில் ஒன்று அது.

கதை அதோடு முடியவில்லை. உள்ளே வைத்த பிளாஸ்டிக் ஸ்டென்ட் நிரந்தரமானதல்ல. ஏறக்குறைய மூன்று மாதத்துக்குள் அதை எடுக்க வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். விட்டுவிட்டால் வண்டல் படிந்து அதுவே அடைத்துக்கொள்ளும். மறுபடியும் குளிர், காய்ச்சல், காமாலை. கல்லை எடுத்தபின் பித்தப்பையையும் அகற்றினால்தான் புதிய கல் இறங்காது. ஆனால் காமாலை தெளிந்து, வயிறு பசித்து, உடம்பில் பலம் வந்துவிட்ட மனிதருக்கு, உள்ளே ஒரு குழாய் இருக்கிறது என்ற நினைவே இருப்பதில்லை. கரும்பு வெட்டுகிறவர்கள் வேலை இருக்கும் ஊருக்குப் போய்விடுகிறார்கள். போன் நம்பரும் மாறிவிடுகிறது.

அதனால் ஸ்டென்ட் வைத்துத் திரும்புகிறவர்களுக்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். பெயர், ஊர், வைத்த தேதி, எடுக்க வேண்டிய தேதி, பக்கத்து வீட்டாரின் போன் நம்பர், அருகிலுள்ள சபைப் போதகரின் நம்பர். நம் சகோதரர் அந்தத் தேதிக்கு இரண்டு நாள் முன்பே, மச்சினரோடு தானாகவே வந்து நின்றார். கல்லும் குழாயும் எடுத்தாயிற்று. பித்தப்பை ஆபரேஷனும் ஆயிற்று. அதே நோட்டுப் புத்தகத்தில் தேதி கடந்தும் வராத பெயர்கள் இப்போது மூன்று இருக்கின்றன. இரண்டு பேர் செய்யூர்ப் பக்கம், ஒருவர் உத்திரமேரூர்ப் பக்கம். வருகிற செவ்வாய்க்கிழமை சிஸ்டரும் நாங்களும் அவர்களைத் தேடிப் புறப்படுகிறோம். அவர்களைக் கண்டுபிடிக்கும்படி உங்கள் குடும்ப ஜெபத்தில் எங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைப் போதகர், படாளம்